ஹாலிஸ்டர் வீட்டு அழைப்பிதழ்

செங்கல் ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது நான் நொயெலாவின் அச்சகத்துக்குள் நின்று அன்றைய தபாலைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. எறிந்தவன் ஓடக்கூட இல்லை. வெளியே பனிக்குவியலுக்கு அந்தப் பக்கம் ஒரு பச்சை லாரி நிதானமாகக் கிளம்பிப் போனது. கல் எழுத்துப் பெட்டியின் மேல் விழுந்து, சாய்வெழுத்து அறைகள் சிதறி, ஈய எழுத்தும் கண்ணாடிச் சில்லும் ஒன்றாகத் தரையில் கிடந்தன. ஒரு சில்லு என் காதுக்குக் கீழே கிழித்திருந்தது. நொயெலா என் காதைப் பார்த்தாள், ஒரு துணியை எடுத்துக் கையில் திணித்தாள், பிறகு முழங்காலிட்டு எழுத்துகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். நாலைந்து எழுத்து எடுப்பதற்குள் அவள் விரல்களில் ரத்தம் வந்துவிட்டது. போலீசைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"கூப்பிட்டு என்னன்னு சொல்றது? அந்த லாரி யாருதுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றாள்.

லாரி ரேயால் திபதோவுடையது. ரேயால் அவள் புருஷனோடு கூடப்பிறந்த அண்ணன்.

பிரெஞ்சு பேசுகிறவர்கள் குடியேறின மில் ஊரான கிரான்பி ஃபால்ஸில் நான் இருபத்தாறு வருஷம் தபால் போட்டிருக்கிறேன். எல்லாருடைய வாசலும் தெரியும், எந்த நாய் கடிக்கும் என்று தெரியும், யாருக்கு எங்கிருந்து கடிதம் வரும் என்றும் தெரியும். ஆனால் எண்பத்து நாலாம் வருஷத்து அந்தக் குளிர்காலத்தில் நாய்களைவிட மனுஷர்களுக்குத்தான் பயந்துகொண்டு நடந்தேன்.

முந்தின ஜூனில் காகித மில்லிலிருந்து ஆயிரத்து இருநூறு பேர் வேலைநிறுத்தம் செய்து வெளியே வந்தார்கள். முதல் மூன்று வாரம் ஊரில் மில்லின் நாற்றமே இல்லை. அழுகின முட்டையும் வெந்த முட்டைக்கோசும் கலந்த அந்த வாடையில்தான் நாங்கள் எல்லாம் பிறந்து வளர்ந்தோம். அது இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று பலபேர் சொன்னார்கள். பிறகு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆள் கொண்டுவந்தார்கள். ஒரு வியாழக்கிழமை காலையில் நாற்றம் திரும்பி வந்தது. சனம் வாசலுக்கு வந்து நின்று புகைக்கூண்டையே பார்த்தது. மத்தியானத்துக்குள் முதல் பஸ்ஸின் கண்ணாடிகள் எல்லாம் போயின. ஓட்டுநருக்கு ஒரு கண்ணும் போயிற்று. கருங்காலிகள் தங்கியிருந்த விடுதியின் பின்கொட்டகை எரிந்தது. மில் வைத்த காவலாளிகள் பாலத்தில் மறியல் நின்றவர்களைத் தடியால் அடித்தார்கள். நொயெலாவின் புருஷன் ஓவிடுக்கு இரண்டு விலா எலும்பு முறிந்தது அப்படித்தான். தடித்த பிளாஸ்திரியால் நெஞ்சைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மூன்றாம் நாளே திரும்பவும் பாலத்துக்குப் போய் நின்றான்.

ஓவிட் மில்லின் மூன்றாம் நம்பர் காகித மிஷினில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவன். பெரிய உருவம், சின்னக் குரல். ரேயால் அதே மிஷினில் அவனுக்கு மேலே இருந்தவன். அவனுக்குக் குரலும் பெரிது. பெண்டாட்டி விட்டுப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. தம்பி வீட்டில்தான் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. நொயெலா பன்றிக்கொழுப்புப் போட்டு அவிக்கிற பீன்சுக்கு அவன் இரண்டு தட்டு வாங்குவான். மூன்றாவதைத் தானே எடுத்துக்கொள்வான்.

நொயெலாவுக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. கல்யாணத்துக்கு முன்னால் லூயிஸ்டனில் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் அச்சுக் கோத்தவள். அந்தப் பத்திரிகை மூடினபோது அங்கிருந்த, காலால் மிதித்து ஓட்டுகிற டிரெடில் அச்சு மிஷினையும் எழுத்துப் பெட்டிகளையும் எடுத்துவந்து, வீட்டை ஒட்டி இருந்த பழைய முடிதிருத்தும் கடையில் வைத்தாள். கல்யாண அழைப்பு, பெயர்ச் சீட்டு, கடிதத்தாள். பாஸ்டனிலிருந்தும் போர்ட்லாந்திலிருந்தும் ஆட்கள் எழுதிக் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக வரைந்து, லினோலியத்தில் செதுக்கி, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் தலைமுடி கனத்துக்குப் பித்தளைத் தகடு செருகி, தடித்த பருத்திக் காகிதத்தில் ஆழமாகப் பதிய அடிப்பாள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே பெயரைப் படிக்கலாம். மில் நின்ற பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த டிரெடிலால்தான்.

லிடியா ஹாலிஸ்டர் ஜனவரியில் அங்கே வந்தாள். ஆரம்பப் பள்ளியில் பாட்டு டீச்சர். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவளிடம் பாடினவர்கள்தான். அவள் அப்பாதான் மில்லின் மேலாளர். ஜூனில் கல்யாணம், அழைப்பிதழ் வேண்டும் என்று கேட்டாள். கேட்கும்போதே முகம் சிவந்துவிட்டது என்று நொயெலா பிறகு என்னிடம் சொன்னாள்.

"மிசஸ் திபதோ, நீங்க முடியாதுன்னு சொன்னா நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்றாளாம்.

அப்படிச் சொன்னதனால்தான் நொயெலாவுக்கு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஊசியிலை உதிர்ந்த லார்ச் மரக்கிளை ஒன்று, அதன் முனையில் புதுத் தளிர், அதன்கீழ் இரண்டு பெயர் என்று பென்சிலால் அங்கேயே வரைந்து காட்டினாள். லிடியாவுக்குப் பிடித்துவிட்டது. காகிதத்தை அப்பா அனுப்புவார் என்று சொல்லிவிட்டுப் போனாள். எந்தக் காகிதம் என்று நொயெலா கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு பெட்டிகள் வந்தன. கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். பெட்டியின் நாலு பக்கமும் மில்லின் முத்திரை. பிரதான வீதி வழியாக, ரொட்டிக்கடையையும் சங்க அலுவலகத்தையும் தாண்டி, தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். என் வேலை அது. இருந்தாலும் சாக்கு போட்டு மூடியிருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை.

அன்று மத்தியானம் நான் அவர்கள் சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஓவிட் பாலத்திலிருந்து வந்தான். பெட்டியைப் பார்த்தான். கையுறையைக் கழற்றினான். ஒரு தாளை உருவி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். தாளுக்குள் மேகம் மேகமாகத் திட்டு. கட்டைவிரலை அதன்மேல் ஓட்டினான்.

"இது என் மிஷின்" என்றான்.

நொயெலா அடுப்பை விட்டுத் திரும்பினாள். அது வந்த பிறகுதான் தனக்கே தெரியும் என்றாள்.

"எவனோ என் மிஷின்ல நின்னு ஓட்டியிருக்கான். கூழ் சரியா பரவலை பாரு. கம்பி வலையோட ஆட்டம் அவனுக்குப் பிடிபடலை." அவன் கோபப்பட்டதாகவே தெரியவில்லை. யாரோ அடித்துப் போட்ட பிள்ளையைத் தடவிப் பார்ப்பதுபோல அந்தத் தாளைத் தடவிக்கொண்டிருந்தான். "இதுல நீ அடிச்சேன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன், நொயெலா."

"இதுல அடிக்கலை. திருப்பி அனுப்பிடறேன். நம்மகிட்ட இருக்கற பருத்திக் காகிதத்துல அடிக்கறேன்."

"வேலையையே திருப்பி அனுப்பு."

"வீட்டைச் சூடாக்க எண்ணெய் இல்லை ஓவிட். நேத்து குழாய் உறைஞ்சுது. நீயே பாத்தே."

அவன் தாளை மடிக்காமல் கிழிக்காமல் பெட்டிக்குள்ளேயே வைத்தான். வெகுநேரம் கழித்து, அந்தப் பொண்ணு நம்ம பக்கத்து வீட்டு லூசியோட பிள்ளைக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தவள்தானே என்று மட்டும் கேட்டான். நொயெலா ஆமாம் என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. மறுநாள் நான் இரண்டு பெட்டியையும் மில்லுக்கே திருப்பி எடுத்துப் போனேன். இந்தத் தடவை சாக்கு போட்டு மூடி எடுத்துப் போனேன். அதனால் பெட்டி உள்ளே போனதை ஊர் பார்த்தது. திரும்பிப் போனதை ஒருவரும் பார்க்கவில்லை.

பேச்சு பரவிற்று. ஓவிடின் பெண்டாட்டி கருங்காலிக் காகிதத்தில் முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு அடிக்கிறாள் என்றார்கள். அவர்கள் வீட்டுத் தபால்பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு செத்த முயல், கழுத்து அறுபட்டு, ரத்தம் உறைந்து பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பேனாக்கத்தியால் பெயர்த்து எடுத்தேன். மாதாகோவிலில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் நொயெலா முன்வரிசைப் பெண்ணிடம் கையை நீட்டினாள். அந்தப் பெண் கையைத் தட்டிவிட்டு, அதே வேகத்தில் கன்னத்தில் அறைந்தாள். பாதிரியார் பாட்டை நிறுத்தவில்லை. ஓவிட் பக்கத்திலேதான் நின்றான். அறைந்தவளின் புருஷனும் விலா முறிந்தவன். ஓவிட் தரையைப் பார்த்தான். பிறகுதான் அந்தச் செங்கல் வந்தது.

உடைந்த ஜன்னலுக்கு ஓவிட் பலகை அடித்தான். அடித்து முடித்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய், பெட்டி திரும்பிப் போன கதையைச் சொன்னானாம். ரேயால் நம்பவில்லை. நம்பினாலும் பெயர் அதே பெயர்தானே என்றானாம். இவன் ஏதோ சொல்ல, அவன் ஏதோ சொல்ல, ஓவிட் உதடு கிழிந்து வீட்டுக்கு வந்தான்.

மார்ச் பதினாலாம் தேதி நடந்ததை நான் பாதி கண்ணால் பார்த்தேன், மீதியை நொயெலாவும் ஓவிடும் தனித்தனியாகச் சொல்லிக் கேட்டேன். இருவர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது.

பனி உருக ஆரம்பித்து, கூரையிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்த நாள். பன்னிரண்டு மணி ஆகப்போகிறது. காலையில் பாலத்தில் பெரிய அடிதடி. ஒரு கருங்காலி லாரி மறியலுக்குள் புகுந்து ஒரு பையனின் காலை நசுக்கிவிட்டுப் போயிருந்தது. அவனைத் தூக்கி ஆம்புலன்சில் ஏற்றியவர்களில் ரேயாலும் ஒருவன். அவன் சட்டையில் அந்தப் பையனின் ரத்தம் இருந்தது. அதோடு, கையில் சம்மட்டியோடு, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்குள் வந்தான். அந்த இரண்டு பேரும் வாசலோடு நின்றுவிட்டார்கள்.

நொயெலா டிரெடிலில் நின்று அடித்துக்கொண்டிருந்தாள். வலது கால் மிதிக்க, வலது கை தாள் வைக்க, இடது கை அடித்த தாளை எடுக்க, மிஷினின் வாய் திறந்து திறந்து மூடிற்று. இருநூறு அழைப்பில் நூற்றுச் சொச்சம் முடிந்திருந்தது. ஓவிட் உள்ளே வெட்டுக்கத்தியில் உறைக்குக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தான்.

"நிறுத்து" என்றான் ரேயால்.

"இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. முடிச்சதும் பேசலாம்" என்றாள் அவள். கால் நிற்கவில்லை.

"தபர்நாக்" என்றான் அவன். கோவில் சாமான்களைச் சொல்லித் திட்டுவது எங்கள் ஊர் வழக்கம். "ஒரு பையனோட கால் கூழாப் போச்சு அங்கே. நீ இங்கே அந்த ஹாலிஸ்டர் பேரைப் பூப்போட்டு அடிச்சுட்டு இருக்கே."

சம்மட்டியை ஓங்கி முதல் எழுத்துப் பெட்டி வரிசையில் போட்டான். மரம் பிளந்து ஈயம் கொட்டிற்று. இரண்டாவது அடியில் எழுத்தை அடுக்குகிற மேசைக்கல் இரண்டாக உடைந்தது. அதற்குள் ஓவிட் வந்துவிட்டான். அவன் கையில் எழுத்தைத் தட்டிச் சமன்செய்கிற மரக்கொட்டாப்புளி இருந்தது. வேண்டாம் ரேயால் என்று இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை சொல்லவில்லை. கொட்டாப்புளியால் அண்ணன் முகத்தில் அடித்தான். மூக்கு உடைந்த சத்தம் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. நான் அப்போதுதான் தபால் பையோடு வந்து சேர்ந்திருந்தேன். அந்த இரண்டு பேரில் ஒருவன் என் மார்பில் கைவைத்துத் தடுத்தான்.

அண்ணன் தம்பி அடித்துக்கொள்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இது அப்படி இல்லை. இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரேயால் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு, மூக்கிலிருந்து வாய்க்குள் ஒழுகும் ரத்தத்தைத் துப்பித் துப்பி அடித்தான். தம்பிக்கு எங்கே எலும்பு முறிந்திருந்தது என்று அவனுக்குத் தெரியும். பூட்ஸ் காலால் அங்கேயே உதைத்தான். ஓவிட் மடிந்து விழுந்தான். விழுந்த பிறகும் ஒரு உதை. ஓவிடின் வாயிலிருந்து வந்தது சத்தம் என்று சொல்ல முடியாது, காற்று.

இத்தனைக்கும் டிரெடில் ஓடிக்கொண்டிருந்தது. நொயெலா மிதிப்பதை நிறுத்தவே இல்லை. ஏன் நிறுத்தவில்லை என்று பின்னால் கேட்டேன். "நிறுத்தினா அவன் ஜெயிச்சான்னு ஆயிடும்னு நினைச்சேன். அதுக்கு மேல எதுவும் நினைக்கலை" என்றாள்.

ரேயால் திரும்பி மிஷினிடம் வந்தான். வாய் திறந்திருந்தது. உள்ளே தகட்டின்மேல் வெள்ளைத் தாள் ஒன்று இருந்தது. அதைப் பிய்த்து எடுக்க வலது கையை உள்ளே விட்டான்.

மிஷினின் இடது பக்கத்தில் ஒரு லீவர் உண்டு. அதை இழுத்தால் வாய் முழுக்க மூடாது. விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டு நிற்கும். தாள் கோணலாக விழுந்தால் அச்சு பதியாமல் தப்பிக்க அந்த லீவர். நொயெலாவின் இடது கை அதன்மேலேயே இருந்தது. ஒரு நாளைக்கு நூறு தடவை யோசிக்காமல் இழுக்கிற கை.

வாய் மூடிற்று.

ரேயால் கத்தவில்லை. கத்தியது வாசலில் நின்றவன். மிஷினைச் சுழற்றுகிற பெரிய இரும்பு வீல் முட்டி நின்றது. ஓவிட் தரையில் நகர்ந்து நகர்ந்து வந்து, மிஷின் கம்பியைப் பிடித்து எழுந்து, இரண்டு கையாலும் வீலைப் பின்னோக்கித் தள்ளினான். அதற்குள் நான் உள்ளே போய்விட்டேன். நானும் சேர்ந்து தள்ளினேன். வாய் திறந்தபோது கை தானாக வெளியே வந்து தொங்கிற்று. மூன்று விரல் தட்டையாக இருந்தது. புறங்கையில், விரல் முட்டிக்குக் கீழே, தோலுக்குள் ஆழமாக இறங்கி இரண்டு வரி எழுத்து. கறுப்பு மையும் ரத்தமுமாக, கண்ணாடி பிடிக்காமல் படிக்கலாம். மேல் வரி, தங்கள் வருகையை வேண்டுகிறோம் என்பதில் பாதி. கீழ் வரி ஹாலிஸ்டர்.

ரேயால் அதைப் படித்தான். பிறகுதான் முழங்கால் மடிந்து விழுந்தான்.

தபாலாபீஸ் வேனில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அண்ணனும் தம்பியும் பின்னால் மூட்டைகளின்மேல் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தார்கள். ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. ரேயாலுக்கு மூன்று விரலையும் எடுத்துவிட்டார்கள். ஓவிடுக்குப் பழைய முறிவோடு இன்னொரு எலும்பும் முறிந்து நுரையீரலைக் குத்தியிருந்தது.

மறுநாள் காலை மாவட்டப் போலீசான ஷெரிஃப் ஆபீசிலிருந்து ஒரு டெபுடி நொயெலா வீட்டுக்கு வந்தார். கூடவே மில்லின் வக்கீல். வக்கீல் தட்டச்சு செய்த ஒரு தாளையும் கொண்டுவந்திருந்தார். சங்கம் ஏவிவிட்டு மூன்று பேர் ஆயுதத்தோடு வந்து தாக்கினார்கள் என்று அதில் இருந்தது. இதில் கையெழுத்துப் போட்டால் கோர்ட்டில் பாலத்து மறியலுக்கே தடை வாங்கிவிடலாம், உங்களுக்கும் நஷ்டஈடு கிடைக்கும் என்று பொறுமையாக விளக்கினார். நொயெலா அந்தத் தாளைப் படித்தாள். அச்சுப் பிழை இருக்கிறது என்று ஓரிடத்தைச் சுட்டிக்காட்டித் திருப்பிக் கொடுத்தாள்.

"சங்கம் அனுப்பலை. என் புருஷனோட அண்ணன் வந்தான். எங்க வீட்டுக்கு அவன் வர்றதுக்கு யாரும் அனுப்ப வேண்டியதில்லை."

வக்கீல் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். டெபுடி மட்டும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர்க்காரர்தான், அவருடைய கல்யாணத்துக்கும் அவள்தான் அடித்துக் கொடுத்திருந்தாள். அவன் கை எப்படி உள்ளே போயிற்று என்று கேட்டார்.

"அவனாத்தான் விட்டான்."

"நிறுத்த நேரம் இருந்துச்சா?"

"வீலை நிறுத்த முடியாது. லீவரை இழுத்திருக்கலாம். இழுத்திருந்தா விரல் நசுங்கியிருக்கும், போயிருக்காது."

"இழுக்க நேரம் இல்லை. அப்படித்தானே?"

"இருந்துச்சு."

டெபுடி எழுதுவதை நிறுத்தினார். "மிசஸ் திபதோ, நான் இதை எழுதினேன்னா உங்க மேலதான் வரும்."

"எழுதிக்குங்க" என்றாள்.

எழுதிக்கொண்டார். ஆனால் அது எதற்கும் உதவவில்லை. ஆஸ்பத்திரியில் ரேயால் அவரிடம் வாயே திறக்கவில்லை. நாலு தடவை போய்ப் பார்த்தார். நாலு தடவையும் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தானாம். கடைசியில் விபத்து என்று எழுதி மூடினார்கள்.

லிடியா வந்தாள். உடைந்த மேசைக்கல்லையும் பிளந்த பெட்டிகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாம் என்னாலதானே என்று கேட்டாள். நொயெலா, மிச்சம் அடித்துத் தர என்னால் முடியாது என்று மட்டும் சொல்லி, செதுக்கின லார்ச் கிளையைத் துடைத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். அவள் கல்யாணம் பாஸ்டனில் நடந்தது. அதற்குப் பிறகு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அவள் வரவில்லை. பிள்ளைகளுக்குப் பாட்டு நின்றுபோயிற்று.

ஓவிட் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒன்பது நாள் மனைவியிடம் பேசவில்லை. சாப்பிட்டான், மருந்து குடித்தான், ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தான். பத்தாம் நாள், அவள் அவன் நெஞ்சுக்கட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது, டெபுடியிடம் அவள் சொன்னதை ஊரில் பேசிக்கொள்கிறார்கள், நிஜமா என்று கேட்டான். நிஜம் என்றாள்.

"என்னை உதைச்சதுக்காகவா?"

"அதுவும்தான். ஆனா அது மட்டும் இல்லை ஓவிட். எழுத்துப் பெட்டியைப் போட்டு உடைச்சான் பாரு, அப்பவே என் கை முடிவு பண்ணிடுச்சு. இருபத்து மூணு வருஷமா நான் பொறுக்கிப் பொறுக்கிச் சேத்தது. நீ கீழே கிடந்ததைவிட அது கீழே கிடந்ததுதான் எனக்கு முதல்ல கண்ணுல பட்டுது."

ஓவிட் அவளை வெகுநேரம் பார்த்தானாம். பிறகு கட்டை இறுக்கிக் கட்டு, தளர்வா இருக்கு என்றானாம். அதற்கு மேல் அதைப் பற்றி அவர்கள் பேசியதில்லை என்று நொயெலா சொன்னாள்.

வேலைநிறுத்தம் அக்டோபரில் தோற்றது. ஆயிரத்து இருநூறில் முந்நூறு பேரைத் திரும்ப எடுத்தார்கள். ஓவிட் அதில் இல்லை, ரேயால் இல்லவே இல்லை. அந்தப் பையனுக்குக் கால் போனது போனதுதான். ஆனால் நான் சொல்ல வந்தது ஏப்ரலில் நடந்தது. அப்போது இன்னும் பாலத்தில் மறியல் நடந்துகொண்டுதான் இருந்தது.

ரேயால் ரொட்டிக்கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தான். தெருவிலிருந்தே ஏறிப்போகிற மரப்படி. அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளிலிருந்து நொயெலா ஒவ்வொரு காலையும் இரும்புப் பானையில் பட்டாணி சூப்பும், துணியில் சுற்றிய பக்வீட் மாவு அடையும் கொண்டுபோய்க் கதவைத் தட்டினாள். அவன் திறக்கவில்லை. வாசலில் வைத்துவிட்டு வருவாள். அவள் போன பிறகு அவன் கதவைத் திறந்து, பானையைக் காலால் தள்ளிக் கவிழ்ப்பான். நாலு நாளாக அந்தப் படியில் மஞ்சள் சூப் வழிந்து உறைந்து கிடந்தது. நான் தபால் எடுத்துக்கொண்டு ஏறும்போது வழுக்கும். ரொட்டிக்கடைக்காரி தினமும் திட்டிக்கொண்டே உப்பைத் தூவுவாள்.

ஐந்தாம் நாள் நான் படிக்குக் கீழே நின்று கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நொயெலா மேலே தட்டினாள். கதவு திறந்தது. ரேயால் இடது கையால் அவள் கையிலிருந்த பானையைப் பிடுங்கி, அவள் முகத்துக்கு எதிரே வீசினான். விளிம்பு அவள் புருவத்தில் பட்டது. பானை தடதடவென்று படியில் உருண்டு என் காலடியில் வந்து நின்றது. சூப் கொதிக்கக் கொதிக்க இல்லை, அந்த மட்டும் நல்லது. அவள் மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். புருவத்திலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கிற்று. நான் இரண்டு படி ஏறினேன். அவள் என்னைப் பார்க்காமலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

ரேயால் கதவைச் சாத்தவில்லை. மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தான். வலது கை துணிப்பந்தாக நெஞ்சோடு ஒட்டியிருந்தது. பத்து நாள் தாடி. சட்டை ஒரு தோளில் மட்டும் கிடந்தது.

"ரேயால், நேரம் இருந்துச்சு" என்றாள் நொயெலா, தெருவைப் பார்த்தபடி. "லீவர் என் கைக்குள்ளதான் இருந்துச்சு. நான் இழுக்கலை."

"தெரியும்."

அவள் திரும்பினாள்.

"உன் கையைத்தான் பாத்துட்டு இருந்தேன்" என்றான். "இழுப்பேன்னு நினைச்சு விட்டேன் கையை. எத்தனை தடவை பாத்திருக்கேன் நீ இழுக்கறதை."

"அப்ப போலீஸ்ல ஏன் சொல்லலை?"

"அவன்கிட்ட நான் என்ன சொல்றது? எங்க வீட்டு விஷயம் அவனுக்கு எதுக்கு?"

கீழே ரொட்டிக்கடைக்காரி வாசலுக்கு வந்து மேலே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். ரேயால்தான் முதலில் கேட்டான், அவனுக்கு விலா எப்படி இருக்கு என்று.

"இருமினா வலிக்குதாம்."

"வலிக்கும். நல்லாத்தான் உதைச்சேன்."

உள்ளே போனான். திரும்பி வந்தபோது இடது கை மட்டும் நுழைந்த கம்பளிக் கோட்டு, மறுபக்கம் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் எதிரில் வந்து நின்றான். அவன் கண்கள் அவள் தலைக்கு மேலே எங்கேயோ இருந்தன.

"பன்னண்டு மணிக்குப் பாலத்து மறியல்ல என் முறை. இந்த எழவு பட்டனை ஒத்தைக் கையால போட முடியலை."

நொயெலா கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள். கண்ணில் இறங்கின ரத்தத்தைச் சட்டைக் கையால் துடைத்தாள். கோட்டின் இந்தப் பக்கத்தை இழுத்து, கட்டுப் போட்ட கை உள்ளே நோகாமல் இருக்கிறதா என்று பார்த்து, அடியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தாள். ஆறு பட்டன். கழுத்துப் பட்டனுக்கு வந்தபோது அவன் பிள்ளை மாதிரி மோவாயைத் தூக்கிக் கொடுத்தான். அவள் விரல் பட்ட இடமெல்லாம் கோட்டில் சிவப்புக் கறை. அவன் அதைக் குனிந்து பார்த்தான், துடைக்கவில்லை.

படியில் இறங்கி, உறைந்த சூப்பின்மேல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, என்னைத் தாண்டிப் போனான். நொயெலாவும் இறங்கி வந்து பானையை எடுத்தாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு முறை?" என்று கேட்டாள்.

"அதே பன்னண்டு" என்றான் அவன், திரும்பாமல்.